கூட்டருகே நிற்கும் கூட்டம்

பறவை பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. காட்டுயிர் ஒளிப்படப் போட்டிகள்தான் காட்டைக் கெடுத்தன என்பது தீர்ப்பு. பரிசுக்கு ஆசைப்பட்டுத்தான் கூட்டைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. பரிசுக்கு ஆசைப்பட்டுத்தான் பச்சைப் பாம்பைப் பிடித்து வாகான கிளையில் வைக்கிறார்கள். பரிசுக்கு ஆசைப்பட்டுத்தான் செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதைப் புதருக்கு வெளியே இழுக்கிறார்கள். ஆகையால் காட்டின்மேல் நிஜமான அக்கறை உள்ளவர் போட்டிப் பக்கமே போகக் கூடாதாம். இதைச் சொல்பவர்களில் பலர் என்னைவிடக் காடு அறிந்தவர்கள். அந்த மரியாதையினாலேயே யாரும் எதிர்த்துக் கேட்காமல் தீர்ப்பு ஊர் ஊராகப் பரவிவிட்டது. புதிதாகக் கேமரா வாங்கிய பையன் ஒருவன் பறவைக் குழுவில் வந்து, "சார், இந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பலாமா?" என்று கேட்டால், சைவ மடத்து வாசலில் கறிக்கடைக்கு வழி கேட்டவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்க்கிறார்கள்.

அந்தப் பையன் அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. அவனுக்காக மட்டும் சொல்லவில்லை, காட்டுக்காகவும்தான்.

குற்றம் நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருவாச்சி கூடு கட்டும் மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாலையோரங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை எச்சத்தால் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளேயே இறகு உதிர்த்துவிட்டு வாரக்கணக்கில் கிடக்கும் அதற்கும், பிறகு பொரியும் குஞ்சுக்கும், ஆண் கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு. மரத்தடியில் பத்துப் பேர் முக்காலியோடு நின்றால் ஆண் கிட்டே வராது. எட்ட இருக்கும் மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தொண்டையில் அத்திப்பழத்தோடு திரும்பிப் போய்விடும். பொந்துக்குள் இருப்பவை அன்றைக்குப் பட்டினி. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். முக்காலி தூக்குகிற பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் நாம் படம்தானே எடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் எடுத்த படத்தை எந்தப் போட்டிக்கு அனுப்பப் போகிறார்கள்? நின்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குப் போட்டியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. படம் மலையிறங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் போய்விடும். சாயங்காலம் இன்ஸ்டாகிராமில் இடத்தின் பெயரோடு ஏறும். "எந்த மைல்கல் பக்கம், பிரதர்?" என்று கீழே கேள்வி வரும், பதிலும் வரும். மறுநாள் விடியும்போது அதே மரத்தடியில் வேறு பத்துப் பேர். போட்டி என்பது வருஷத்துக்கு ஒருமுறை வருவது. கடைசித் தேதிக்கும் முடிவுக்கும் நடுவில் மாதங்கள் ஓடும். முடிவு வெளியாகும்போது அந்தக் கூட்டின் குஞ்சு பறந்து போயிருக்கும். ஒரு கூட்டின்மேல் இருபத்து நாலு மணி நேரத்தில் கூட்டத்தைக் கொண்டுவந்து குவிக்கும் சக்தி எந்தப் போட்டிக்கும் கிடையாது.

இதன் பின்னால் ஒரு வியாபாரமும் இருக்கிறது. அதைப் பற்றி நம் தீர்ப்பாளர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்களில் சிலரே அதன் வாடிக்கையாளர்கள் என்பதாலும் இருக்கலாம். கேரளத்துத் தட்டேக்காடு பக்கத்தில் பறவைகளுக்கு ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் தீனி, எதிரே பச்சைத் துணி கட்டிய ஹைடு, உள்ளே வரிசையாக நாற்காலி, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஜோடியாகத் தூங்கும் தவளைவாயன் பறவையைக் காட்டுவதற்கு வழிகாட்டிகள் வரிசை கட்டுகிறார்கள். ஒரு வார இறுதிக்குள் இத்தனை 'லைஃபர்', அதாவது வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கும் பறவை, என்று வாக்குக் கொடுத்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள். வாக்கைக் காப்பாற்றக் குரலை ஒலிக்கவிடாமல் முடியுமா? மகாராஷ்டிரத்தில் பண்டார்தரா பக்கம் மே, ஜூன் மாதங்களில் மின்மினி பார்க்கக் கார் கார்களாகப் போகிறார்கள். தரையோடு கிடக்கும் பெண் மின்மினிகளை மிதித்துக்கொண்டு, செல்பேசி விளக்கை அடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் கேமராவே இருக்காது. இந்தக் கணக்கை எல்லாம் போட்டியின் தலையில் எழுதுவது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டைப் படமெடுக்கும் ஆசைக்கு வயது என்ன தெரியுமா? இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் முட்டையோடு இருந்த பறவைக் கூட்டை 1892ல் படமெடுத்தார்கள். மூன்று வருஷத்தில், படங்கள் எல்லாம் ஒளிப்படங்களாகவே இருந்த கூடுகளின் புத்தகத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். எரிக் ஹாஸ்கிங் 1937ல் ஆந்தைக் கூட்டருகே ஹைடுக்குள் நுழையப் போகும்போது ஆந்தை பாய்ந்து அவருடைய ஒரு கண்ணைப் பறித்தது. அதற்குப் பிறகும் அவர் பறவைகளைப் படமெடுப்பதை நிறுத்தவில்லை. சிங்கப்பூரின் சினிமா முதலாளி லோக் வான் தோ, சாலிம் அலியின் நண்பர், கடற்கழுகின் கூட்டைப் படமெடுக்க உயரமான சாரமே கட்டினார். காட்டுயிர் ஒளிப்படத்துக்கென்று உலகத்தில் இன்று பெரிதாகப் பேசப்படும் போட்டி, லண்டனில் 'அனிமல்ஸ்' என்ற பத்திரிகை தொடங்கி, 1984 முதல் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்திவருவது, பிறந்ததே 1965ல்தான். கூட்டுப் படம் அதைவிட எழுபது வருஷம் மூத்தது.

அந்தக் காலத்தில் ஏன் எல்லாரும் கூட்டுக்கே போனார்கள் என்பதற்கும் எளிய காரணம் உண்டு. ஃபிலிமின் உணர்திறன் குறைவு, லென்ஸ் எட்டும் தூரம் குறைவு. பறக்கும் பறவையைப் பிடிக்க வழியில்லை. பறவை திரும்பத் திரும்ப நிச்சயமாக வந்து உட்காரும் ஒரே இடம் கூடு. அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் செய்து, ஃபிளாஷ் வைத்து, மறைக்கும் கிளையைக் கட்டி ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். கிளையை ஒதுக்கினால் கூட்டின்மேல் வெயில் விழும், காக்கைக்கும் கண்ணில் படும். தெரிந்தும் செய்தார்கள். இன்றைக்கு 600 எம்எம் லென்ஸ் இருக்கிறது, மங்கிய வெளிச்சத்திலும் இரைச்சல் இல்லாமல் படம் எடுக்கும் சென்சார் இருக்கிறது. கூட்டுக்குப் போகும் கட்டாயம் தீர்ந்துவிட்டது, பழக்கம் மட்டும் தீரவில்லை. அந்தப் பழக்கத்துக்கு எதிராக "கூட்டுப் படம் அனுப்பாதே, வந்தால் பார்க்கவே மாட்டோம்" என்று இந்தியாவில் எழுத்தில் போட்டிருப்பவை எவை என்று பார்த்தால், சில ஒளிப்படப் போட்டிகள்தான். இன்ஸ்டாகிராம் அப்படி ஏதாவது சொல்லியிருக்கிறதா?

போட்டி என்றாலே மோசடி என்பதற்கு இரண்டு உதாரணங்களைத் தவறாமல் சொல்வார்கள். இரண்டுமே அந்த லண்டன் போட்டியில் நடந்தவை. 2009ல் முதல் பரிசு வாங்கிய படத்தில் ஐபீரிய ஓநாய் ஒன்று இரவில் பட்டியின் மரக்கதவைத் தாண்டிக் குதிக்கிறது. படத்தைப் பார்த்த வேறு சில ஸ்பானிய ஒளிப்படக்காரர்கள், இது மாட்ரிட் பக்கத்தில் ஒரு விலங்குப் பூங்காவில் மனிதர்களோடு பழகி வளர்ந்த ஓநாய் மாதிரி இருக்கிறதே என்று சொன்னார்கள். எடுத்தவர் மறுத்தார். நடுவர்கள் மறுபடி கூடி, கதவின் இடைவெளியில் நுழைந்து போகக்கூடிய ஓநாய் ஏன் தாண்டிக் குதிக்கிறது என்பது வரை யோசித்து, 2010 ஜனவரியில் 10,000 பவுண்டு பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்தது 2017ல். பிரேசிலின் ஏமாஸ் தேசியப் பூங்காவில் ஒளிரும் புழுக்கள் மின்னும் கரையான் புற்றை நோக்கி எறும்புத்தின்னி ஒன்று இருட்டில் வருகிறது. பிரமாதமான படம். யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல், அந்த எறும்புத்தின்னி பூங்கா வாசலில் பாடம் பண்ணி வைத்திருப்பதுபோல் இருக்கிறது என்று தகவல் கொடுத்தார். அருங்காட்சியகம் ஐந்து அறிவியலாளர்களைத் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. ரோமத்தின் அடையாளங்கள், உடல் அமைப்பு, நிற்கும் நிலை எல்லாம் அந்தப் பாடம் பண்ணிய உடலோடு ஒத்துப்போவதாக ஐந்து பேரும் சொன்னார்கள். முன்னும் பின்னும் எடுத்த ரா ஃபைல்களை, அதாவது கேமராவில் பதிந்த மூலக் கோப்புகளை, கேட்டபோது எடுத்தவர் கொடுத்தார். ஆனால் எறும்புத்தின்னி இருந்த வேறு ஒரு படமும் அவற்றில் இல்லை. அவரும் மறுத்தார். 2018 ஏப்ரலில் பட்டம் போயிற்று.

இந்த இரண்டையும் போட்டிகளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறார்கள். நான் ஆதரவான சாட்சியாகவே பார்க்கிறேன். யோசியுங்கள், இந்த மோசடிகள் நமக்கு எப்படித் தெரியும்? ராவைக் கேட்க ஒரு இடம் இருந்தது, சந்தேகப்பட்டவர்கள் புகார் சொல்ல ஒரு முகவரி இருந்தது, தன் மானம் போனாலும் பரவாயில்லை என்று தன் முடிவைத் தானே ரத்துசெய்ய ஒரு அமைப்பு இருந்தது. இந்தோனேசியாவிலிருந்து மழைக்கு இலையைக் குடையாகப் பிடித்த தவளை, நத்தைமேல் சவாரி செய்யும் தவளை என்று எத்தனை படங்கள் வருஷக்கணக்கில் சுற்றின. தவளையைத் தெரிந்தவர் எவரும் அது தானாக அப்படி நிற்காது என்று சொல்வார். உலகத்தின் பெரிய பத்திரிகைகள்கூட அவற்றைச் சிரிப்போடு அச்சிட்டன. கோடிக்கணக்கான விருப்பக்குறிகள் விழுந்தன. அவற்றில் ஒன்றையாவது யாராவது திரும்ப வாங்கிக்கொண்டார்களா? பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து, பனித்துளி தெளித்து எடுத்த மேக்ரோ படங்கள் இன்றைக்கும் "காலைப் பொழுதின் கவிதை" என்ற தலைப்பில் வந்துகொண்டிருக்கின்றன. அங்கே ராவைக் கேட்பார் இல்லை.

"மா. கிருஷ்ணன் பரிசுக்காகவா படம் எடுத்தார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்துக்கொண்டு, கடைசிவரை கருப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தவர் அவர். பரிசை நினைத்து எடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு வேறொன்று இருந்ததே! 1950 முதல் 1996ல் இறக்கும்வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் அவர் பத்தி வந்தது. எழுதியதை வாசித்துப் பார்க்க ஆசிரியர் இருந்தார். தப்பாகச் சொன்னால் கடிதம் போடும் வாசகர் இருந்தார். எதற்கும் மேலாக, எடுத்ததில் எது வெளியே போக வேண்டும், எது போகக் கூடாது என்று முடிவுசெய்ய ஈவிரக்கமற்ற ஒரு கண் அவருக்குள்ளேயே இருந்தது.

இன்றைய அமெச்சூருக்கு இதில் எது இருக்கிறது? அவன் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போகிறான். ஒரே காலையில் ஆயிரம் படம் எடுக்க முடிகிறது. அவன் போடும் எல்லாப் படத்துக்கும் ஒரே பதில்: "வாவ்", "சூப்பர் கேப்சர் சார்", கை தட்டும் பொம்மை. மங்கலானதற்கும் அதுதான், அருமையானதற்கும் அதுதான், கூட்டைக் கலைத்து எடுத்ததற்கும் அதுதான். "இது வேண்டாம்" என்று சொல்ல அவனுக்கு ஒரு ஆள்கூடக் கிடையாது. போட்டிக்கு அனுப்பும்போதுதான் அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஒருவர் எதிரே வந்து உட்காருகிறார். அதிலும் நல்ல போட்டிகளில் நடுவருக்கு அனுப்பியவரின் பெயர் தெரியாது. பத்தாயிரம் பேர் பின்தொடரும் நட்சத்திரத்தின் படமும், திண்டுக்கல் பக்கத்துப் பள்ளி ஆசிரியரின் படமும் ஒரே திரையில் பெயரில்லாமல் வந்து போகின்றன. நம் ஊரில் பெயர், ஊர், சாதி, பதவி எதையும் பார்க்காமல் ஒருவர் செய்த வேலையை மட்டும் பார்க்கும் இடங்கள் எத்தனை இருக்கின்றன?

பெயரில்லாமல் போவதால் நடக்கும் இன்னொன்று: தோல்வி. பெரும்பாலும் தோல்விதான். லண்டன் போட்டிக்கு இப்போது வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் படங்கள் வருகின்றன. கண்காட்சியில் தொங்குபவை நூறு. நடுவர்களின் ருசி, அன்றைய மனநிலை, அதே வருஷம் அதே மாதிரி இன்னொரு படம் வந்துவிடும் துரதிர்ஷ்டம் எல்லாம் இதில் உண்டு. "அதிர்ஷ்டம்தானே, பிறகு எதற்கு?" என்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. மழையும் அதிர்ஷ்டம்தான், விதைக்கிறோம்.

காசு பற்றிய வாதத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பத்து லட்ச ரூபாய் லென்ஸும் கென்யாப் பயணமும் இல்லாதவன் எதற்குப் போட்டிக்குப் போக வேண்டும் என்கிறார்கள். 2021ல் அந்த லண்டன் போட்டியில் இளையோருக்கான முதன்மைப் பட்டம் வாங்கிய பெங்களூர்ப் பையன் வித்யுன் ஹெப்பாருக்கு அப்போது பத்து வயது. படத்தில் இருந்தது வீட்டுப் பக்கத்துச் சுவரின் இடுக்கில் கூடாரம்போல் வலை கட்டிய ஒரு சிலந்தி. வலைக்குப் பின்னால் வானவில் மாதிரி தெரியும் வண்ணங்கள் அந்த வழியாகப் போன ஆட்டோ ரிக்ஷாவுடையவை. இதற்கு எந்தச் சரணாலயத்தின் நுழைவுச்சீட்டும் வேண்டாம். 2016ல் நகரக் காட்டுயிர்ப் பிரிவில் பரிசு பெற்ற நயன் கானோல்கரின் சிறுத்தை, மும்பை ஆரே காலனியில் வீடுகளுக்கு நடுவே சந்தில் நடந்துபோனது. அதே வருஷம் பறவைப் பிரிவில் பரிசு பெற்றது பரத்பூரில் கணேஷ் சங்கர் எடுத்த படம். தங்கள் பொந்தில் குடியேறிய உடும்பின் வாலைக் கடித்து இழுக்கும் பச்சைக்கிளிகள். கிளியும் உடும்பும் இல்லாத மாவட்டம் தமிழ்நாட்டில் எது?

நம் ஊர்க் கதையை விட்டுவிடக் கூடாது. 2023ல் முதுகெலும்பற்ற உயிர்களின் நடத்தைக்கான பிரிவில் வென்ற ஸ்ரீராம் முரளியின் படம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் எடுத்தது. பத்தொன்பது விநாடிப் பதிவுகள் ஐம்பது. அவற்றை ஒன்றுசேர்த்தால் ஒரு பதினாறு நிமிஷ நேரத்தில் மின்மினிகள் காட்டுக்குள் எழுதிய வெளிச்சம் மொத்தமும் ஒரே படத்தில் நிற்கிறது. அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில் உலாந்தி சரகத்தில் ஒரே தாளத்தில் மின்னும் அந்த மின்மினிகளை வனத்துறையோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். அதாவது படம் பிறந்தது ஒரு தேடலின் நடுவில். போட்டியில்லாமலும் அவர் அந்தக் காட்டுக்குப் போயிருப்பார் என்று நம் நண்பர்கள் சொல்லலாம். போயிருப்பார்தான். ஆனால் புலி இல்லை, யானை இல்லை, மின்மினி போன்ற சிற்றுயிர்களுக்கு ஒரு தனிப் பிரிவு வைத்து, அந்தப் படத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டியது யார்? நம் பத்திரிகைகளில் காட்டுயிர்ப் பக்கம் என்று ஒன்று வந்தால் அதில் புலிக்குத்தானே முதல் இடம்?

இங்கே எதிர்க்கட்சியை மட்டும் அடித்துவிட்டுப் போக மனம் வரவில்லை. போட்டி நடத்துபவர்கள் சொல்லும் ஒரு பெருமையும் எனக்குச் செரிப்பதில்லை: தங்கள் போட்டி காட்டைக் காப்பாற்றுகிறது என்பது. 2017ல் 'சாங்சுவரி' இதழின் விருது பெற்ற பிப்லப் ஹஸ்ராவின் படத்தை மறக்க முடியாது. மேற்கு வங்கத்தின் பாங்குராவில் ஒரு கும்பல் தீப்பந்தங்களையும் பட்டாசையும் எறிய, தாய் யானை ஓடுகிறது, பின்னால் குட்டி தீப்பிடித்த கால்களோடு ஓடுகிறது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. 2018ல் உச்ச நீதிமன்றம் யானைகளை விரட்டத் தீப்பந்தம், தீக்கம்பி போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. 2024 ஆகஸ்டில் அதே மாநிலத்தின் ஜார்கிராமில் தீக்கம்பி குத்திய ஒரு பெண் யானை செத்துப்போயிற்று. விருது எதையும் நிறுத்தவில்லை. ஆனால் நடப்பதை "கிராமத்துக் கட்டுக்கதை" என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி செய்தது. ஒரு படத்தால் ஆவது அவ்வளவுதான், அது சின்ன விஷயமும் இல்லை. அழகான இருவாச்சிப் படத்தால் அதுகூட ஆவதில்லை என்பதைச் சுவரொட்டியில் "பாதுகாப்போம்" என்று எழுதுகிறவர்கள் ஒப்புக்கொண்டால் நல்லது.

மோசமான போட்டிகளும் இருக்கின்றன, நிறையவே. அதிக விருப்பக்குறி வாங்கும் படத்துக்குப் பரிசு என்பவை ஒரு வகை. அது போட்டி இல்லை, அத்தை மாமா சித்தப்பாக்களைத் திரட்டும் தேர்தல். அனுப்பிய எல்லாப் படங்களின் உரிமையையும் காலமெல்லாம் நடத்துபவருக்கே எழுதிக்கொடுக்கச் சொல்பவை இன்னொரு வகை. இரண்டாயிரம் படங்களை இலவசமாகச் சேர்த்துக்கொண்டு நாள்காட்டி அடிக்கும் யுக்தி அது. கட்டணம் கட்டியவர்களில் ஏராளமான பேருக்கு 'மெரிட்' சான்றிதழ் தருபவை மூன்றாவது. சர்வதேச சலோன் வட்டாரத்தில் இத்தனை 'அக்செப்டன்ஸ்' சேர்ந்தால் பெயருக்குப் பின்னால் இன்ன எழுத்துகள் போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு இருப்பதால், ஒரே மீன்கொத்திப் படத்தை இருபது ஊருக்கு அனுப்பி மதிப்பெண் பொறுக்குபவர்களை எனக்குத் தெரியும். விதிமுறைப் பக்கத்தைக் கடைசிவரை வாசித்தால் இவற்றைப் பத்து நிமிஷத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம். ராவைக் கேட்கிறார்களா, எப்படி எடுத்தாய் என்று கேட்கிறார்களா, உயிரோடு இரை காட்டி இழுத்த படத்தை மறுக்கிறார்களா, நடுவர்கள் யார் என்று முன்னாலேயே சொல்கிறார்களா, உரிமை யாரிடம் நிற்கிறது. வாசிக்காமல் அனுப்பிவிட்டுப் பிறகு போட்டிகளே மோசடி என்று புலம்புபவர்கள்மேல் எனக்கு இரக்கம் குறைவு.

அனுப்பும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தீர்ப்பாளர்கள் அதை ஒரு பொத்தானை அழுத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வருஷத்துப் படங்களிலிருந்து ஐந்தைத் தேர்வு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மனசுக்குப் பிடித்தவை வரிசையாக வரும். பிடித்ததற்குக் காரணம் படத்தில் இருப்பதில்லை. அன்றைக்கு அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நடந்தது, கூட வந்த நண்பன், கிடைக்காது என்று நினைத்தது கிடைத்தது, இவைதான் காரணம். நடுவருக்கு அட்டைக்கடி தெரியாது. அதைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது பாதிப் படம் விழுந்துவிடும். அடுத்து 'க்ராப்' செய்து செய்து சித்திரமாக்கியவை விழும். பிறகு குறிப்பு எழுத வேண்டும். "அழகிய கொக்கு" என்று எழுதினால் போதாது. என்ன செய்துகொண்டிருக்கிறது, அந்தக் கழுத்துச் சிலிர்ப்பு எதற்கு, எதிரே இருப்பது ஜோடியா எதிரியா? தெரியாவிட்டால் புத்தகத்தைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப அந்த ஏரிக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேமரா வைத்திருப்பவனுக்குப் பறவை தெரியாது என்று நம் பறவையாளர்கள் சரியாகத்தான் குறை சொல்கிறார்கள். அவனை அந்தப் புத்தகத்தின் பக்கம் தள்ளிவிடும் வேலையைச் செய்வது எது என்று மட்டும் பார்ப்பதில்லை.

கடைசியில் ஒரு பெட்டி வரும்: விலங்குக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை என்று உறுதி சொல்லி டிக் அடிக்க வேண்டும். பொய்யாக அடிக்கலாம், அடிக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியை அவனிடம் வேறு யாரும் கேட்டதில்லை. சஃபாரி ஜிப்சி ஓட்டுநர் கேட்கவில்லை, ஹைடு முதலாளி கேட்கவில்லை, லென்ஸ் விற்ற கடைக்காரர் கேட்கவில்லை, ஆயிரம் கை தட்டல்களில் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே போட்டியைப் புறக்கணிக்கச் சொல்லும் நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. அக்டோபர் 2 முதல் 8 வரை வனவிலங்கு வாரம் வரும். கல்லூரிகளும் சங்கங்களும் ஊர் ஊராக ஒளிப்படப் போட்டி அறிவிக்கும். அந்த அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். ஃபைல் இத்தனை எம்பிக்குள் இருக்க வேண்டும், நீளப் பக்கம் இத்தனை பிக்சல், படத்தில் பெயர் போடக் கூடாது என்று எல்லாம் தெளிவாக இருக்கும். பறவையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. உங்களில் ஒருவர் நடுவராகப் போய் உட்கார்ந்து, அறிவிப்பு அச்சாகும் முன்பே மூன்று வரி சேர்க்கச் சொல்ல வேண்டும்: கூட்டுப் படமும் குஞ்சுப் படமும் ஏற்கப்படாது, குரல் ஒலிபரப்பியோ இரை காட்டியோ பிடித்துவைத்தோ எடுத்தது ஏற்கப்படாது, கடைசிச் சுற்றுக்கு வருபவர் ராவைத் தர வேண்டும். தராதவர் பெயர் பட்டியலிலிருந்து போகும். நடத்துபவர்கள் "சார், இப்படிக் கண்டிப்பு வைத்தால் படமே வராது" என்று தயங்குவார்கள். முதல் வருஷம் நாற்பது படம் குறையட்டும். குறைந்ததைப் பற்றி மாணவர்கள் கேட்பார்கள், ஏன் கூட்டுப் படம் கூடாது என்று. மரப்பொந்துக்குள் அடைபட்ட இருவாச்சிப் பெட்டையின் கதையை அப்போது அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்களைவிட அதை நன்றாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இல்லை.